ஓட்டு யந்திரமும் சட்டத்தின் அனுமதியும்

எங்கள் வட்டாரத்துக் கிராம சபை ஒன்றில் நிறைவேறிய தீர்மானத்தின் நகல் என் பார்வைக்கு வந்தது. குடிநீர்க் குழாய், தெரு விளக்கு, ஏரிக்கரைப் பாதை ஆகியவற்றைப் பற்றிய தீர்மானங்களுக்கு நடுவே அது இருந்தது. "சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் யந்திரத்தில் ஓட்டளிக்கும் நாம், பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மட்டும் இன்னும் சீட்டில் முத்திரை குத்துவது ஏன்? அடுத்த தேர்தலை யந்திரத்தின் மூலம் நடத்த வட்டார வளர்ச்சி அதிகாரி ஏற்பாடு செய்ய வேண்டும்" என்பது அதன் சாரம்.

கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் கேட்டதைச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. கலெக்டருக்கும் இல்லை. தேர்தலை நடத்துகிற கமிஷனுக்கே கூட, சட்டம் இடம் கொடுத்தாலன்றி, இல்லை. "யந்திரம் இருக்கிறது, மின்சாரம் இல்லாமல் பாட்டரியிலேயே வேலை செய்கிறது, செலவும் மிச்சம்; பிறகு தடை என்ன?" என்று பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் பயிற்சி வகுப்பிலும் என்னைக் கேட்டார். ஒரு நாடு ஓட்டளிக்கும் முறையை மாற்றுவது, ஏற்றத்தைக் கழற்றிவிட்டுப் பம்ப்செட்டு வைப்பதைப் போன்ற காரியமல்ல. இதை விளக்க, நம் அண்டை ராஜ்யமாகிய கேரளத்தில் நடந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குவதே நல்லது.

1982ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி கேரளச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. எர்ணாகுளம் ஜில்லாவிலுள்ள பரூர் தொகுதியில் 84 ஓட்டுச் சாவடிகள். அவற்றுள் 50 சாவடிகளில் மட்டும், இந்தியாவிலேயே முதல் தடவையாக, மின்னணு யந்திரத்தில் ஓட்டுப் பதிவு செய்யத் தேர்தல் கமிஷன் உத்தரவிட்டது. மற்றச் சாவடிகளில் வழக்கம்போல் சீட்டும் பெட்டியும். இந்திய கம்யூனிஸ்டுக் கட்சியின் அபேட்சகர் சிவன் பிள்ளை, யந்திரம் கூடாது என்று தேர்தலுக்கு முன்பே கேரள ஹைக்கோர்ட்டுக்குப் போனார். தேர்தல் நெருங்கிவிட்ட நிலையில் கோர்ட்டு தலையிடவில்லை. ஓட்டு எண்ணியபோது அதே சிவன் பிள்ளைதான் வென்றார். அவருக்கு 30,450 ஓட்டு. காங்கிரஸ் அபேட்சகர் ஏ.சி. ஜோஸ் என்பவருக்கு 30,327. வித்தியாசம் 123 மட்டுமே. இப்போது யந்திரத்தை எதிர்த்து வழக்காட வந்தவர் தோற்றவர்; அதை ஆதரித்து நிற்க வேண்டியிருந்தவர் முன்பு எதிர்த்தவர்! தேர்தல் வழக்குகளில் இத்தகைய இடமாற்றம் புதிதன்று.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1984ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியது இதுதான்: யந்திரம் தவறாக எண்ணியது என்று கோர்ட்டு சொல்லவில்லை. யந்திரம் நல்லதா, கெட்டதா என்ற விசாரணைக்குள் நின்று அது முடிவெடுக்கவும் இல்லை. யந்திரத்தைப் பயன்படுத்தும்படி உத்தரவிட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதே கேள்வி. இல்லை என்பதே பதில்.

தேர்தல்களை மேற்பார்வை செய்யவும், நெறிப்படுத்தவும், கட்டுப்படுத்தவும் தேர்தல் கமிஷனுக்கு அதிகாரம் அளிப்பது நமது அரசியல் சட்டத்தின் 324ஆவது ஷரத்து. அது மிகவும் விரிவான அதிகாரம். "இந்த அதிகாரத்தைக் கொண்டே யந்திரத்தை வைத்தோம்" என்றது கமிஷன். ஆனால் 327ஆவது ஷரத்து, பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல்களைப் பற்றிய எல்லா விஷயங்களிலும் சட்டம் செய்யும் பொறுப்பைப் பார்லிமெண்டினிடம் ஒப்படைத்திருக்கிறது. அப்படிச் செய்யப்பட்டது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதன்கீழ் வந்தவை 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள். சட்டமும் விதிகளும் பேசாத இடத்தில் கமிஷன் தன் அதிகாரத்தைக் கொண்டு இடைவெளியை நிரப்பலாம். அவை பேசியிருக்கும் இடத்தில் அவற்றை மீறி வேறொரு வழியைக் கமிஷன் வகுக்க முடியாது என்று கோர்ட்டு கூறியது. சட்டத்தில் ஓட்டளிப்பு 'பாலட்' மூலம் நடக்க வேண்டும் என்றிருந்தது. விதிகளிலோ சீட்டு, அதில் குறியிடுதல், மடித்தல், பெட்டியில் போடுதல் என்று ஒவ்வொரு படியும் வரையறுக்கப்பட்டிருந்தது. அந்தச் சொல்லுக்குள் யந்திரம் அடங்காது என்பது தீர்ப்பு. யந்திர உபயோகத்திற்கு இந்திய சர்க்காரின் சம்மதத்தைக் கமிஷன் முன்பே கேட்டிருந்தது என்பதும், சர்க்கார் அதற்கு இணங்கவில்லை என்பதும் அந்த வழக்கிலேயே வெளிவந்தன.

50 சாவடிகளிலும் மறு ஓட்டெடுப்பு நடத்த உத்தரவாயிற்று. 1984ல் சீட்டு முறையில் மறுபடி ஓட்டளித்தார்கள். முடிவு மாறியது, ஏ.சி. ஜோஸ் வெற்றி பெற்றார். இரண்டு ஆண்டுகள் ஒருவர் வகித்த பதவி மற்றொருவருக்குப் போயிற்று. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஜனங்களின் மனமும் மாறியிருக்கலாம். அதை வைத்து யந்திரத்தின் மீது குறை சொல்வது சரியல்ல. ஆனால் சட்டம் முந்தாமல் யந்திரம் முந்தினால் ஒரு தொகுதியின் தீர்ப்பே ஆதாரமின்றி நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை.

இதன்பிறகுதான் பார்லிமெண்டு செயல்பட்டது. 1988 டிசம்பரில் ஒரு திருத்தம் நிறைவேறி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. 1989 மார்ச்சு 15 முதல் அமலுக்கு வந்தது. சந்தர்ப்பத்தை அனுசரித்து எந்தத் தொகுதியில் அல்லது தொகுதிகளில் யந்திரத்தைப் பயன்படுத்துவது என்று குறிப்பிட்டு அறிவிக்கும் அதிகாரத்தை அது கமிஷனுக்கு அளித்தது. அதில் ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு. சட்டத்திலும் விதிகளிலும் ஓட்டுப் பெட்டி, ஓட்டுச் சீட்டு என்று வருகிற இடங்களில், யந்திரம் பயன்படும்போது, அது யந்திரத்தையும் குறிக்கும் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. 'பாலட்' என்ற ஒரு சொல்லால் ஏற்பட்ட தடையை இந்த ஒரு வாக்கியம் நீக்கியது. 1992 மார்ச்சில் விதிகளிலும் யந்திரத்துக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. 1998ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய இடங்களில் 16 சட்டசபைத் தொகுதிகள். 2001ல் தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளும். 2004ல் பார்லிமெண்டின் 543 தொகுதிகளும் யந்திரத்துக்கு வந்தன. 2001ல் ஓர் அரசியல் கட்சி தொடுத்த வழக்கைச் சென்னை ஹைக்கோர்ட்டு தள்ளிவிட்டது. சட்டத்தின் அனுமதி இப்போது இருந்ததால், பரூர் வாதம் அங்கே எடுபடவில்லை.

அனுமதி கிடைத்தவுடன் சட்டப் பிரச்னைகள் தீர்ந்துவிட்டன என்று நினைக்கலாகாது. யந்திரம் வந்ததால் சீட்டு முறையில் எவரும் எண்ணிப் பாராத சில உரிமைகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஒன்றைச் சொல்கிறேன்.

சீட்டு முறையில், எந்த அபேட்சகரையும் பிடிக்காதவர் என்ன செய்தார்? சீட்டை வாங்கிக்கொண்டு மறைவிடத்துக்குள் போய், ஒன்றும் குத்தாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அவர் யாருக்குமே ஓட்டளிக்கவில்லை என்பது அவருக்கும் தெய்வத்துக்கும் மட்டுமே தெரியும். யந்திரத்திலோ பொத்தானை அழுத்தினால்தான் 'பீப்' ஒலி கேட்கும். அழுத்தாமல் திரும்பினால் சாவடியில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அப்படி ஓட்டளிக்க விரும்பாதவரைப் பற்றித் தலைமை அதிகாரி பதிவேட்டில் குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும் என்பது 49-ஓ விதி. ஓட்டளித்தவருக்கு உண்டான ரகசியம், ஓட்டளிக்க மறுத்தவருக்கு இல்லாமற் போயிற்று! இதை எதிர்த்து நடந்த வழக்கில், 2013 செப்டம்பர் 27ல் சுப்ரீம் கோர்ட்டு, ரகசியம் இரு சாராருக்கும் உரியதே என்று கூறி, அபேட்சகர்களின் பெயர்களுக்குக் கீழே "மேற்கண்ட எவருக்கும் இல்லை" என்ற பொத்தானை வைக்க உத்தரவிட்டது. இன்று சட்டசபைத் தேர்தலில் நாம் காணும் கடைசிப் பொத்தானின் வரலாறு இதுவே. ஒரு கருவி மாறும்போது, அதைச் செய்தவர்களே எதிர்பாராத வகையில், ஒரு குடியானவனின் உரிமை ஒன்று நழுவிப்போகலாம். பிறகு சட்டம் ஓடிவந்து அதைப் பிடித்துத் தரவேண்டியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. எண்ணிக்கையை யார் சரிபார்ப்பது?

இதைப் பற்றி எழுதும்போது 2020 ஜனவரி 2ஆம் தேதி நினைவுக்கு வருகிறது. அன்று கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை. சில மேஜைகளின் மேற்பார்வை என் பொறுப்பு. ஒரு வார்டில் இருவருக்கும் இடையே ஒரே ஓட்டு வித்தியாசம். தோற்றவர் வயதான விவசாயி. மறு எண்ணிக்கை கேட்டார். எண்ணினோம், மாறவில்லை. செல்லாதவை என்று ஒதுக்கியவற்றுள் ஒரு சீட்டில் முத்திரை இரண்டு சின்னங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டின்மேல் விழுந்திருந்தது. அதைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீட்டைத் தொடாமல் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். "ஆமாம், நடுவிலேதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டுப் போனார். அவருக்கு அதிக எழுத்துப் படிப்பு இல்லை. ஆனால் தாம் தோற்றது உண்மை என்று தாமே கண்டறிய அவருக்கு வேறு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை.

பழைய யந்திரத்தில் மறு எண்ணிக்கை என்றால் 'ரிஸல்ட்' பொத்தானை மறுபடி அழுத்துவதுதான். முன்பு காட்டிய அதே எண்ணைத்தான் அது மறுபடியும் காட்டும். அந்த எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த விவசாயி குனிந்து பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இதே கேள்வியை ஜெர்மனி நாட்டின் அரசியல் சட்டக் கோர்ட்டு 2009ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் தேதி எடுத்துக்கொண்டது. அங்கே 2005ஆம் ஆண்டு பார்லிமெண்டுத் தேர்தலில் ஏறத்தாழ இருபது லட்சம் பேர் யந்திரத்தில் ஓட்டளித்திருந்தார்கள். தேர்தல் என்பது பகிரங்கமான காரியம்; ஓட்டுப் பதிவு, எண்ணிக்கை ஆகிய முக்கியப் படிகளை விசேஷ தொழில் நுட்ப அறிவு இல்லாத சாதாரணப் பிரஜையும் நம்பகமாகச் சரிபார்க்க முடிய வேண்டும்; அதற்கு வழி வைக்காத விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அந்தக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தவறு நடந்ததாகச் சான்று இல்லாததால் 2005 தேர்தலை மட்டும் ரத்து செய்யவில்லை. யந்திரமே கூடாது என்றும் சொல்லவில்லை.

நமது சுப்ரீம் கோர்ட்டு வேறு பாதையில் அதே இடத்தை நோக்கி நடந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. முழுவதும் சென்று சேரவில்லை. 2013 அக்டோபர் 8ல் தந்த தீர்ப்பில், சுதந்திரமான, நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று அது கூறியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஆகஸ்டு மாதத்தில், விதிகள் திருத்தப்பட்டு, நாகாலாந்தின் நோக்சன் தொகுதி இடைத்தேர்தலில் 'விவிபேட்' என்னும் சீட்டு அச்சிடும் கருவி முதன்முதலாக வைக்கப்பட்டிருந்தது. நாம் பொத்தானை அழுத்தியதும், அபேட்சகரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சான துண்டுச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடிகள் தெரிந்து, பிறகு தானாக அறுந்து பெட்டிக்குள் விழுகிறது. காகிதம் மறுபடி வந்துவிட்டது! யந்திரத்தின் எண்ணும் சீட்டுகளின் எண்ணும் முரண்பட்டால், சீட்டுகளின் எண்ணே செல்லும் என்பது 56-டி விதி. இந்த ஒரு விதியை நம் அபேட்சகர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே.

ஆனால் எல்லாச் சீட்டுகளும் எண்ணப்படுவதில்லை. 2019 ஏப்ரல் 8ல் சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவின்படி ஒவ்வொரு சட்டசபைப் பகுதியிலும் குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஐந்து யந்திரங்களின் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. அத்தனையையும் எண்ண வேண்டும், அல்லது காகித ஓட்டுக்கே திரும்ப வேண்டும் என்று வந்த மனுக்களை 2024 ஏப்ரல் 26ல் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா ஆகியோர் தள்ளுபடி செய்தார்கள். அத்துடன் இரண்டு புதிய பாதுகாப்புகளையும் சேர்த்தார்கள். சின்னங்களை ஏற்றப் பயன்படும் கருவியையும் சீல் வைத்து, முடிவு வெளியான பின் 45 நாட்கள் வரை காக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற அபேட்சகர்கள் ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டசபைப் பகுதியில் நூற்றுக்கு ஐந்து யந்திரங்களின் நுண்கட்டுப்பாட்டுப் பகுதியை, அதைச் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். செலவு கேட்பவருடையது, யந்திரத்தில் கைவைத்திருப்பது நிரூபணமானால் பணம் திரும்பக் கிடைக்கும்.

யந்திரத்தின் மீது சந்தேகத்தைக் கிளப்ப நான் இதையெல்லாம் எழுதவில்லை. 2019 பார்லிமெண்டுத் தேர்தலில் 20,000க்கு மேற்பட்ட யந்திரங்களின் சீட்டுகளை எண்ணியபோது முரண்பட்டதாகக் கோர்ட்டில் சொல்லப்பட்டது ஒரே ஓர் இடம். அங்கும் காலையில் நடந்த மாதிரி ஓட்டுப் பதிவை அழிக்காமல் விட்டதே காரணம். அந்தப் பிழை யந்திரத்தினுடையதன்று, மனிதனுடையது. சாவடி ஏஜெண்டுகள் காலையில் சற்றுத் தாமதமாக வந்து மாதிரி ஓட்டுப் பதிவைக் காணாமல் விடுவது நம் ஊர்களில் சகஜம். குறைந்தது 50 ஓட்டுகளைப் போட்டு, எண்ணிக் காட்டி, பிறகு அழித்து, மாதிரிச் சீட்டுகளைத் தனியே உறையிட்டுச் சீல் வைப்பதை நேரில் பார்ப்பது ஏஜெண்டின் முதற் கடமை. மாலையில் 17-சி என்னும் படிவத்தின் நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகலாகாது. அந்த யந்திரத்தில் பதிவான மொத்த ஓட்டு எத்தனை என்பது அதில் இருக்கும். எண்ணும் நாளில் ஒத்துப்பார்க்க வேறு ஆதாரம் இல்லை.

நிற்க. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு வருவோம்.

நான் மேலே சொன்ன 61-ஏ பிரிவு பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல்களுக்கு மட்டுமே உரியது. 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், பஞ்சாயத்துத் தேர்தல்களை மாநிலத் தேர்தல் கமிஷன் என்ற தனி அமைப்பிடம் ஒப்படைத்தது. 243-கே ஷரத்தின் முதல் பகுதி அந்தக் கமிஷனுக்கு மேற்பார்வை அதிகாரம் தருகிறது. நான்காம் பகுதி, பஞ்சாயத்துத் தேர்தல்களைப் பற்றிய சகல விஷயங்களிலும் சட்டம் செய்யும் அதிகாரத்தை மாநிலச் சட்டசபைக்குத் தருகிறது. 324க்கும் 327க்கும் உள்ள அதே உறவு இங்கே ஒரே ஷரத்துக்குள் இருப்பதைக் காண்க. மாநிலத் தேர்தல் கமிஷனுக்கு, தன் துறையில், இந்தியத் தேர்தல் கமிஷனுக்கு ஒப்பான அதிகாரம் உண்டென்று 2006ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. அதிகாரம் ஒப்பானதென்றால் அதன் எல்லையும் ஒப்பானதே. ஆகவே பஞ்சாயத்துச் சட்டமும் அதன் தேர்தல் விதிகளும் சீட்டையும் பெட்டியையும் முத்திரையையும் சொல்லும் இடத்தில், அவற்றுக்குப் பதிலாக யந்திரம் வைக்கவும் சட்டமோ விதியோ வழிவிட்டிருக்க வேண்டும். இல்லையேல் பரூர் வழக்கு ஒரு வார்டுக்குள் மறுபடி பிறக்கும். தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரியில் நகரங்களின் தேர்தல் யந்திரத்தில் நடந்தது. 2019லும் 2021லும் கிராமப் பகுதித் தேர்தல்கள் சீட்டில் நடந்தன.

கிராமத்தில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. நகரத்து ஓட்டர் ஒரு கவுன்சிலருக்கு ஓட்டளித்துத் திரும்புகிறார். நம் ஓட்டர் ஒரே நடையில் நான்கு பதவிகளுக்கு ஓட்டளிக்கிறார்: வார்டு அங்கத்தினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, பஞ்சாயத்து யூனியனுக்குப் பச்சை, ஜில்லாப் பஞ்சாயத்துக்கு மஞ்சள். யந்திரமானால் ஒரே ஓட்டருக்கு நான்கு பதிவுகள் ஆக வேண்டும். இரண்டு பதவிகளுக்கு மட்டும் அழுத்திவிட்டு ஒருவர் வெளியே வந்துவிட்டால், மற்ற இரண்டையும் அவர் வேண்டுமென்றே விட்டாரா, தெரியாமல் விட்டாரா? யந்திரத்தை அடுத்தவருக்குத் திறந்துவிடுவது யார், எப்படி? சீட்டில் இந்தக் கேள்வியே எழாது. வெறுஞ்சீட்டு பெட்டிக்குள் விழுந்துவிடும். பல பதவிகளுக்குரிய யந்திரங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு நிலைக்கும் விதி எழுதப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது ரகசியம். யந்திரம் தன்னிடம் பதிவானதைத் தனித்தனியே காட்டுகிறது. ஆகையால் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரியும். சீட்டு முறையில், ஓட்டர்கள் மிரட்டப்படுவார்கள் அல்லது பழிவாங்கப்படுவார்கள் என்று கமிஷன் கருதினால், ஒரு தொகுதியின் எல்லாப் பெட்டிகளிலுமுள்ள சீட்டுகளைக் கலந்து எண்ண உத்தரவிட 59-ஏ விதி இடம் தருகிறது. யந்திரங்களின் ஓட்டுகளையும் இவ்வாறு சேர்த்து எண்ண 'டோட்டலைசர்' என்ற கருவியைக் கமிஷன் 2008லேயே கேட்டது. சட்டக் கமிஷனும் 2015ல் தன் 255ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. சட்டசபைத் தொகுதியில் ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர் என்றால் ஓரளவு மறைவு உண்டு. பஞ்சாயத்து வார்டிலோ சில நூறு பேர். சில இடங்களில் ஒரு தெரு, ஒரு காலனி. "உங்கள் தெருவில் எனக்கு விழுந்தது பதினொன்றுதான்" என்று வென்றவர் சொல்ல முடிந்தால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அந்தத் தெருவின் குழாய்க்கும் சாக்கடைக்கும் என்ன நேரும் என்பதைப் பஞ்சாயத்து அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறிய வார்டில் இந்தக் குறை சீட்டிலும் அடியோடு இல்லாமல் இல்லை. ஆனால் சீட்டுகளைக் கலந்துவிட முடியும். தனித்தனி யந்திரம் காட்டும் எண்களைக் கலக்க அந்தச் சேர்ப்புக் கருவி வேண்டும்.

செல்லாத ஓட்டுகள் யந்திரத்தால் ஒழியும் என்பது உண்மை. நான்கு வண்ணச் சீட்டுகளில் முத்திரை குத்தி மடிப்பதற்குள் முதியவர்கள் படும் பாட்டையும், மை மடிப்பில் ஒட்டி மறுபக்கச் சின்னத்தில் பதிவதையும் எண்ணும் மேஜையில் கண்டவன் நான். இரவெல்லாம் விழித்து எண்ணும் ஊழியர்களின் சிரமமும் குறையும். யந்திரத்தை நான் வரவேற்பவனே. காகிதச் சீட்டு உடன் இல்லாத யந்திரத்தை மட்டும், கிராமத்துக்கு வேண்டாம் என்பேன். ஒற்றை ஓட்டில் முடிவாகும் தேர்தல்கள் இங்கேதான் அதிகம். தேர்தலைக் குறித்த வழக்கு, தேர்தல் மனு என்ற ஒரே வழியில்தான் செல்ல வேண்டும் என்று 243-ஓ ஷரத்து கட்டுப்படுத்துகிறது. அந்த மனுவை விசாரிக்கும் நீதிபதியின் முன் எடுத்துவைக்க ஒரு காகிதமாவது இருக்க வேண்டாமா?

கிராம சபையின் தீர்மானத்துக்கு வருகிறேன். தேர்தல் முறையை மாற்றும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆயினும் அரசாங்கத்துக்கும் மாநிலத் தேர்தல் கமிஷனுக்கும் தன் விருப்பத்தைத் தெரிவிப்பதை யாரும் தடுக்க முடியாது. "வட்டார வளர்ச்சி அதிகாரி ஏற்பாடு செய்ய வேண்டும்" என்றிருந்தால் அது என் அலுவலகக் கட்டிலேயே தங்கிவிடும் என்று தலைவரிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அதைத் திருத்தினார்கள். சட்டத்திலும் விதிகளிலும் வேண்டிய திருத்தம் செய்து, சரிபார்ப்புச் சீட்டு உள்ள யந்திரத்தை, சாவடிவாரி எண்ணிக்கை வெளியாகாத முறையில் கொண்டுவர வேண்டும் என்று இப்போது அது இருக்கிறது. கடைசிப் பகுதியைச் சேர்க்கச் சொன்னவர், ஊருக்கு வெளியே முப்பது வீடுகள் மட்டுமே உள்ள வார்டின் அங்கத்தினரான ஓர் அம்மாள். தீர்மானம் சென்ற வாரம் மேலே அனுப்பப்பட்டுவிட்டது.